கொஞ்சலும் கணக்கும்

'ரொமான்டிக் ஸ்பானிஷ் ஃபிளமெங்கோ கிட்டார்' என்ற பெயரில் வரும் இசைத்தொகுப்புகளில் அடிக்கடி தட்டுப்படும் மூன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 'ரொமான்ஸ்' என்ற சிறு மெட்டு. இயற்றியவர் யாரென்ற வழக்கு இன்னும் தீரவில்லை, 1952இல் ஒரு பிரெஞ்சுப் படத்துக்காக நார்ஸிஸோ யெப்பெஸ் வாசித்ததில் உலகெங்கும் பரவியது. அடுத்தது, ஹோவாக்கின் ரொத்ரிகோ 1939இல் எழுதிய 'கொன்சியெர்தோ தெ அரன்ஹுவெஸ்' படைப்பின் உருக்கமான நடுப்பகுதி. பிறகு ஜிப்ஸி கிங்ஸ் குழுவின் ரும்பாப் பாட்டுகள். முதல் இரண்டும் செவ்வியல் கிட்டாருக்குரியவை. ஜிப்ஸி கிங்ஸ் தென் பிரான்சுக்காரர்கள். கேட்க இதமானவைதான். ஆனால் ஃபிளமெங்கோவை ஃபிளமெங்கோ ஆக்குவது கொஞ்சும் மெட்டு அல்ல, தாளக் கணக்கு என்பதே என் கட்சி.

அந்தக் கணக்குக்கு ஸ்பெயினில் 'கொம்பாஸ்' என்று பெயர். 'சொலேயா' என்ற வகையில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில். முதல் பாதி மும்மூன்றாக நடந்து, பின்பாதி இரண்டிரண்டாக உடையும். லய விவகாரங்களில் ஊறிய நம் காதுக்கு இது உடனே பிடிபடும். தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் ஹித்தானோ (ஜிப்ஸி) மக்களிடையே வேரூன்றிய இந்தக் கலையில் பாட்டே தலைமை, கிட்டார் பக்கவாத்தியம். ரமோன் மொந்தோயா 1936இல் பாரிஸில் பதிவு செய்த தனி வாசிப்புகள் வந்த பிறகுதான் தனிக்கச்சேரி ஒரு மரபாக ஊன்றத் தொடங்கியது. தாளமே முதல் என்பதற்கு வாத்தியத்தின் உடம்பே சாட்சி. செவ்வியல் கிட்டாருக்குப் பெரும்பாலும் ரோஸ்வுட். நாதம் நீண்டு நிற்கும். ஃபிளமெங்கோ கிட்டாருக்கு வழக்கமாக இலேசான சைப்ரஸ் மரம். ஒலி வெடித்துச் சட்டென்று அடங்கும். விரல் நகத்தால் பலகையைத் தட்டுவதும் வாசிப்பில் சேர்த்தி என்பதால், மரம் காயப்படாமலிருக்க ஒரு மெல்லிய தகட்டை ஒட்டியிருப்பார்கள். இழைந்து கொஞ்சுவதற்கு மட்டும் என்றால் இந்தத் தகடு எதற்கு?

'தூய்மைவாதம் பேசுகிறீர்கள், ஃபிளமெங்கோ கிட்டார் மேதை பாக்கோ தெ லூசியாவே 1973இல் வெளிவந்த "என்ட்ரே தோஸ் அகுவாஸ்" என்ற ரும்பாவால்தானே ஊரறிந்தவரானார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரும்பா கியூபாவிலிருந்து வந்தது. கஹோன் என்ற பெட்டி மேளத்தைப் பெருவிலிருந்து கொண்டுவந்து சேர்த்ததும் பாக்கோவே. கலப்பு மேல் எனக்குப் புகாரில்லை, வந்த விருந்தாளிகளெல்லாம் கொம்பாஸுக்குக் கட்டுப்பட்டே உள்ளே உட்கார்ந்தார்கள். பின்னணி இசையாகப் பிழிந்தெடுக்கும்போது முதலில் கழன்றுபோவது அதுதான். 'அப்படியானால் காதலே கிடையாதா?' உண்டு, தாராளமாக; பாடல்களில் பாதி அதைப் பற்றியவைதான் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் இழந்த காதல், காயம்பட்ட குரல். சுரங்களும் அதற்கேற்றவை: நம் தோடியின் சுரங்களுக்கும் வகுளாபரணத்தின் சுரங்களுக்கும் இடையே, காந்தாரத்தை மாற்றி மாற்றிப் பிடித்து அலையும். மறுபடி கணக்குக்கே வருவோம். நோட்டேஷன் படித்துப் பழகாத பாக்கோ, ரொத்ரிகோவின் அதே படைப்பைப் பாடுபட்டுக் கற்று 1991இல் பதிவு செய்தார். செவ்வியல் கலைஞர்கள் நாதத்தின் அழகைத் தேடும் அந்த இடங்களில் அவர் தேடியது, தாளத்தின் பிடியை.