கூட்டத்தில் செல்போன் கைவிட்டால்...



2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் சுமார் 18 லட்சம் பேர் கூடினார்கள். மக்காவில் வெயில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஹஜ்ஜில் 1,300க்கும் மேற்பட்டோர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அத்தகைய வெயிலில் குழுவை விட்டுப் பிரிந்து, கூடாரம் எதுவென்று தெரியாமல் அலையும் முதியவருக்கு ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான்.

செல்போன் இருக்கிறதே என்று பலரும் தைரியமாக இருக்கிறோம். ஒரு செல்போன் கோபுரம் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே இணைப்புத் தர முடியும். நெரிசலில் அழைப்பு போகாவிட்டால், மீண்டும் மீண்டும் அழைத்து பேட்டரியைத் தீர்க்காமல் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அழைப்பு கிடைக்காத இடத்திலும் அது போய்ச் சேர வாய்ப்புண்டு.

கோபுரமே தேவைப்படாத வழிகளும் உள்ளன.

வாக்கி-டாக்கி: ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் பேசுவது. ஒருவர் பட்டனை அழுத்திப் பேச, மற்றவர்கள் கேட்க வேண்டும். கட்டடங்களும் கூட்டமும் மறைத்தால் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும். அதே அலைவரிசையில் உள்ள எவரும் கேட்கலாம் என்பதால் பாஸ்போர்ட் எண் போன்றவற்றை அதில் சொல்லக் கூடாது. நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. சவூதிக்கு அங்குள்ள விதிகளே பொருந்தும். எனவே குழுத் தலைவரிடம் கேட்காமல் எதையும் வாங்கிச் செல்லாதீர்கள்.

மெஷ் நெட்வொர்க்: கடைசி ஸஃப்பில் இருப்பவருக்குச் சேதியை ஆள் மாற்றி ஆள் கடத்துவது போன்றது இது. புளூடூத் மூலம் ஒரு போன் பக்கத்துப் போனுக்குத் தர, அது அடுத்ததற்குத் தரும். இடையில் உள்ளவர்களிடமும் அதே செயலி இருந்தால்தான் சேதி நகரும். ஆகவே குழுவினர் அனைவரும் ஊரிலேயே செயலியை ஏற்றி, இணையத்தை அணைத்துவிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். லோரா என்ற சிறு ரேடியோக் கருவிகள் இன்னும் அதிகத் தொலைவுக்குச் சேதி அனுப்பும். ஆனால் எழுத்துச் சேதி மட்டுமே, பேச முடியாது.

இவை எல்லாம் பேட்டரி உள்ளவரைதான். கருவி எதுவும் இல்லாவிட்டாலும் பயன்படுவது முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடுதான்:

1. சந்திக்கும் இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஜமராத்தில் கூட்டம் ஒரே திசையில் செல்வதால், அந்த இடம் வெளியேறும் பக்கம் இருக்கட்டும். யாரையும் தேடிக் கூட்டத்துக்கு எதிராகத் திரும்பாதீர்கள்.

2. ஜமராத் பாலத்தில் பல தளங்கள் உண்டு. போன் வரைபடம் இடத்தைக் காட்டினாலும் எந்தத் தளம் என்பதைக் காட்டாமல் போகலாம். தள எண்ணையும் சொல்லுங்கள்.

3. இருவர் இருவராகச் செல்லுங்கள். முதியவருடன் ஓர் இளையவர் இருக்கட்டும்.

4. கூடார எண், குழுத் தலைவரின் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி ஒவ்வொருவரும் வைத்திருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் அதை அங்குள்ள பணியாளரிடம் காட்டினாலே போதும்.

5. பிரிந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, பிறகு யாரிடம் போவது என்பதையும் பேசி வையுங்கள்.

இந்த வருடம் உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டால், பெட்டி கட்டும் முன் இந்த ஐந்தையும் அவர்களுடன் உட்கார்ந்து பேசுங்கள். அனைவரும் நலமுடன் சென்று திரும்ப வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.