ஆட்டுக்குட்டியின் கால் முறிவுக்கு மூங்கில் தப்பை

பாறை இடுக்கில் கால் சிக்குவதாலும், பட்டிப்படல் சாய்ந்து விழுவதாலும், பெரிய ஆடுகள் மிதிப்பதாலும் ஆட்டுக்குட்டிகளுக்குக் கால் எலும்பு முறிவதுண்டு. இனி தேறாது என்று கருதி, கிடைத்த விலைக்குக் குட்டியை விற்று நஷ்டமடைவோர் பலர். இளங்குட்டிகளின் எலும்பு விரைவில் கூடும் தன்மையுடையது. உடனே தப்பை வைத்துக் கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

அறிகுறிகள்

குட்டி காலை ஊன்றாது. மூட்டு இல்லாத இடத்தில் கால் வளைந்தோ, தொங்கியோ காணப்படும். அந்த இடம் வீங்கியிருக்கும்.

கட்டும் முறை

முன்னங்காலில் முட்டிக்குக் கீழே முறிந்து, தோல் கிழியாமல் இருந்தால் வீட்டிலேயே தப்பை கட்டலாம். இதற்கு இருவர் தேவை. முறிந்த கால் மேற்புறம் இருக்குமாறு குட்டியைப் படுக்க வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் குளம்பைப் பிடித்து மெதுவாக இழுத்துக் காலை நேராக்க வேண்டும். நேராகாவிட்டால் வலிந்து இழுக்கக் கூடாது.

காலைச் சுற்றிப் பஞ்சு அல்லது பழைய வேட்டித் துணியைச் சீராகச் சுற்றவும். மூங்கிலைப் பிளந்து, சிராய் போகச் சீவி, இரண்டு தப்பைகளை எடுத்துக்கொள்ளவும். நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாயும் உதவும். தப்பை குளம்பிலிருந்து முட்டிக்கு மேல் வரை நீண்டிருக்க வேண்டும். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாமல் இருந்தால்தான் எலும்பு கூடும். முறிந்த இடத்தோடு நின்றுவிடும் குட்டையான தப்பை தீமையே செய்யும்.

துணி நாடாவால் கீழிருந்து மேலாகக் கட்டவும். குளம்பின் நுனி வெளியே தெரிய வேண்டும். சணல், கம்பி ஆகியவற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

கட்டை இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்று கால் அழுகிவிடும். எலும்பு முறிவைவிட இதனால்தான் கால் பறிபோகிறது. ஆகவே காலையும் மாலையும் குளம்பைத் தொட்டுப் பார்க்கவும். குளிர்ந்திருந்தாலோ, கட்டுக்கு மேலோ கீழோ வீங்கினாலோ, துர்நாற்றம் வீசினாலோ உடனே அவிழ்க்க வேண்டும். கட்டு நனையக் கூடாது. குட்டி வளர்வதால் வாரம் ஒருமுறை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டவும். தாயுடன் சிறு கொட்டிலில் அடைத்து வைத்தால், பொதுவாக மூன்று, நான்கு வாரங்களில் எலும்பு கூடும்.

எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்திருந்தால் உள்ளே தள்ளக் கூடாது. கொதித்து ஆறிய உப்பு நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, மருத்துவரிடம் எடுத்துச் செல்லவும். ரண ஜன்னி தடுப்பூசியும் அவசியம். தொடை, மேற்கை எலும்பு முறிவுக்குத் தப்பை பயன்படாது. பின்னங்கால் முறிவையும் மருத்துவரே கட்ட வேண்டும்.

மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. அவற்றுள் டைக்ளோபினாக், பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவுக்குக் காரணமானதால் 2006ஆம் ஆண்டிலேயே கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது.

தப்பை முதலுதவியே. மறுநாளைக்குள் கால்நடை மருந்தகத்தில் காட்டி, தேவையானால் மாவுக்கட்டு போட்டுக்கொள்வது நலம்.