மிருக வைத்தியசாலைக்கு ஏற்ற ஸ்கான் இயந்திரம்

மனிதன் நோயுற்றால், இன்ன இடத்தில் இன்ன விதமாக வலிக்கின்றது என்று வைத்தியரிடம் எடுத்துரைப்பான். மூக்கிலிருந்து குருதி வடியும் நாய்க்கோ, கால் நொண்டும் குதிரைக்கோ அது கூடுவதில்லை. வாயில்லாச் சீவன் என்று அவற்றை அழைப்பதன் பொருளை நன்குணர்ந்தவர் மிருக வைத்தியரே. உடலை அறுக்காமலே உட்புறத்தைக் காட்டும் கருவி எதுவாயினும் அவருக்குப் பெருந்துணையாகும். அவற்றுள் ஒன்று சி.ரி. ஸ்கான் இயந்திரம். அதனை வாங்க எண்ணும் மிருக வைத்தியர் எவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்?

முதலில் இயந்திரத்தின் இயல்பை அறிதல் நன்று. சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழலைப் போன்றது. பல உறுப்புகளின் நிழல்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். சி.ரி. இயந்திரத்திலோ எக்ஸ் கதிர்க் குழாய் உடலைச் சுற்றி வருகின்றது. உடலை ஊடுருவி வரும் கதிரை எதிர்ப்புறத்துக் கருவிகள் பல திசைகளினின்றும் அளக்கின்றன. அவ்வளவுகளைக் கொண்டு, பாணைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது போன்று, உடலின் குறுக்குவெட்டுப் படங்களைக் கணினி ஆக்கித் தருகின்றது. ஆங்கிலேயப் பொறியியலாளரான கொட்ஃப்றி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த இயந்திரம் 1971 ஆம் ஆண்டில் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. இத்துறைக்குக் கணித வழியில் அடிகோலிய அலன் கோமக்குடன் அவர் 1979 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விலைப்பட்டியலை நோக்குமுன் தம் வாயிலில் வந்து நிற்கும் நோயாளிகளை நோக்குவதே வைத்தியரின் முதற் கடன். பெரும்பாலும் பல் நோயுற்ற முயல்களும் பூனைகளும் வருமாயின், கூம்பு வடிவில் கதிரைப் பாய்ச்சும் சிறிய இயந்திரமே போதுமானதாகலாம். அது பல்லையும் எலும்பையும் நுணுக்கமாகக் காட்டும். ஈரல் போன்ற மென்மையான உறுப்புகளைத் தெளிவாகக் காட்டாது. நாய்களின் வயிற்றுக் கட்டிகளை ஆராய விரும்புபவர் அதனை வாங்கினால் ஏமாற்றமே அடைவார்.

குதிரை வைத்தியரின் நிலை வேறு. மனிதருக்கென அமைந்த ஸ்கான் மேசை, ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள குதிரையைத் தாங்காது. அவுஸ்திரேலியாவில் 2020 ஆம் ஆண்டின் மெல்பேண் கிண்ணப் பந்தயத்தில் அந்தனி வான் டைக் என்னும் குதிரை கால் மூட்டெலும்பு முறிந்தமையால் உயிரிழக்க நேர்ந்தது. மறு ஆண்டு முதல், அப்பந்தயத்துக்கு வரும் வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களை முன்கூட்டியே ஸ்கான் செய்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. மெல்பேண் பல்கலைக்கழகக் குதிரை வைத்தியசாலையில் அமைந்த இயந்திரம், குதிரை நின்றபடியே இருக்க அதன் கால்களைப் படமெடுக்கவல்லது. குதிரையை வீழ்த்திக் கிடத்தும் முழு மயக்கமும், அது மீண்டும் எழும்போது நேரும் ஆபத்தும் இதனால் தவிர்க்கப்படுகின்றன.

அடுத்து, விற்பனையாளர் பெரிதாகப் பேசும் 16, 64 என்னும் எண்கள். குழாய் ஒருமுறை சுற்றி வருகையில் எத்தனை துண்டுப் படங்கள் கிடைக்கின்றன என்பதையே அவை குறிக்கும். எண் பெருகப் பெருக வேகமும் விலையும் பெருகும். துடிக்கும் இருதயத்தை ஆராய்வதற்கு 64 வேண்டியிருக்கலாம். மூக்கு, முள்ளந்தண்டு, முழங்கை ஆகியவற்றுக்கு 16 பெரும்பாலும் போதும். ஆயினும் வேகத்தை வீண் பெருமை என்று தள்ளிவிடலாகாது. மூச்சை அடக்கு என்றால் மனிதன் அடக்குவான், நாய் அடக்குமா? அதனை மயக்கியே படமெடுத்தல் வேண்டும். படமெடுக்கும் நேரம் குறையுமளவுக்கு, மூச்சின் அசைவால் படம் கலங்குவதும் குறையும். மயக்கத்தில் கிடக்கும் நேரமும் சுருங்கும்.

விலை மட்டுமே செலவன்று. எக்ஸ் கதிர்க் குழாய் நாளடைவில் தேய்வது. அதனை மாற்றுவதற்குப் பெரும் பணம் வேண்டும். எனவே பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தால், அதன் குழாய் எவ்வளவு உழைத்துள்ளது என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். பழுது பார்ப்பவர் எத்தனை நாளில் வருவார் என்பதையும் வினவுதல் நன்று. கதிர் வெளியேறாதவாறு ஈயத்தகடு பதித்த அறை, பெருந்திறன் கொண்ட மின்னிணைப்பு, குளிரூட்டும் வசதி, சட்டப்படியான அனுமதி என்பனவும் வேண்டப்படுவன. எடுத்த படத்தைப் பொருளறிந்து வாசிக்க வல்லுநர் ஒருவரும் வேண்டும். தொலைவிலுள்ளவரெனில் இணைய வழியாகப் படங்களை அவருக்கு அனுப்பலாம்.

இறுதியாக ஓர் எளிய கணக்கு. கடன் தவணை, பராமரிப்பு, ஊழியர் சம்பளம் யாவற்றையும் கூட்டி, மாதந்தோறும் மெய்யாகவே ஸ்கான் தேவைப்படும் மிருகங்களின் தொகையால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். மாதம் 40 மிருகங்கள் வரின் ஒவ்வொன்றும் செலவில் நாற்பதில் ஒரு பங்கைத் தாங்கும். 10 மட்டுமே வரின் பத்தில் ஒரு பங்கைத் தாங்கும். அச்சுமையை மிருகத்தின் சொந்தக்காரர் தாங்குவாரா? தாங்காரெனின், அயலிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு நோயாளியை அனுப்பி வைப்பதே நேர்மையான வழி.

ஏனெனில், கடனில் வாங்கிய இயந்திரம் நாள்தோறும் வேலை கேட்கும். தேவையற்ற மிருகத்தையும் அதனுள் கிடத்தும் ஆசை அப்போது எழும். காரணமின்றி மயக்க மருந்தை ஏற்பதும் கதிருக்கு உள்ளாவதும் அந்தச் சீவனே. வேண்டாமென்று சொல்ல அதற்கு வாயில்லை. அதற்காகப் பேச வேண்டியவர் வைத்தியரே. அந்தப் பொறுப்பு இயந்திரத்தைத் தெரிவுசெய்யும் நாளிலேயே தொடங்கிவிடுகின்றது.