துணைவர் வெளிநாட்டில், விவாகரத்து அழைப்பாணை எப்படிச் சேரும்?
சந்தேகங்களும் விளக்கங்களும்

பசறை, ஹாலி-எலை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் பலர். குடும்பம் முறியும்போது, ஆள் அங்கிருக்க இங்கே வழக்காட முடியுமா என்ற சந்தேகம் எழுகிறது.

சந்தேகம்: கணவர் குவைத்தில் இருக்கிறார். எங்கே வழக்குப் போடுவது?

விளக்கம்: நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம்.

சந்தேகம்: இருவருக்கும் சம்மதம். கையெழுத்துப் போட்டால் போதாதா?

விளக்கம்: போதாது. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி பிறர் உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற காரணத்தை நிரூபிக்க வேண்டும். பிழைப்புக்காக வெளிநாடு போனது மட்டும் கைவிட்டதாகாது.

சந்தேகம்: அழைப்பாணை எவ்வழியில் போகும்?

விளக்கம்: சத்தியக்கடதாசியுடன் விண்ணப்பித்து நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். நீதிமன்ற ஆவணங்களை வெளிநாடுகளில் சேர்ப்பிப்பது பற்றிய 1965ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இலங்கைக்கு 2001 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. குவைத், இந்தியா போன்ற உறுப்பு நாடுகளுக்கு நீதி அமைச்சு ஊடாக அனுப்பலாம். உறுப்பினரல்லாத நாடென்றால் நீதிமன்றம் கட்டளையிடும் வழியே வழி. நீங்களாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் அழைப்பாணை ஆகாது.

சந்தேகம்: வெளிநாட்டு முகவரிக்குப் பதிலாகத் தோட்ட முகவரியைக் கொடுக்கலாமா?

விளக்கம்: கூடாது. பல லயங்களுக்குத் தனி இலக்கமே இல்லை. கடிதம் தோட்ட ஒபிசில் கிடக்கும். பின்னர் அவர் நீதிமன்றம் வந்து, அழைப்பாணை கிடைக்கவில்லை என்று நிரூபித்தால் தீர்ப்பே ரத்தாகலாம். முகவரி உண்மையிலேயே தெரியாவிட்டால் உறவினர், வேலை முகவர், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்று எங்கெங்கே விசாரித்தீர்கள் என்பதைச் சத்தியக்கடதாசியில் எழுதுங்கள். பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்று வழிக்கு நீதிமன்றம் கட்டளையிடலாம்.

சந்தேகம்: அழைப்பாணை கிடைத்தும் அவர் வராவிட்டால்?

விளக்கம்: அவரில்லாமலே விசாரணை நடக்கும். ஆனாலும் உங்கள் சாட்சியம் கட்டாயம். முதலில் இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதங்களின் பின்பே இறுதித் தீர்ப்பாணை. அதற்கு முன் மறுமணம் செய்தால் அது செல்லாது.

யாரோ ஒருவர் வீட்டில் கைப்பேசிகூடக் கையில் இல்லாமல் வேலை செய்யும் பெண்ணுக்கு, அவளறியாமல் இங்கே திருமணத்தை முறிப்பது அநீதி. தெரிந்த முகவரியை மறைக்காதீர்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் பதுளையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தை நாடுங்கள்.