பழைய மடிக்கணினியும் கம்பியில்லா இணைப்பின் காவலும்

கம்பியின்றிச் செல்லும் இணையத் தொடர்பு வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதன்று. படிப்பறையிலிருந்து மாணவனொருவன் தன் மடிக்கணினி வாயிலாக அனுப்புவது அத்தனையும் வானொலி அலையாகிப் படலையைக் கடந்து தெருவரை பரவும். ஏற்ற கருவியுடையார் எவரும் அதனைப் பற்றிக்கொள்ளலாம். ஆதலின் ஈண்டுக் காவலென்பது செய்தியை வெளிச்செல்லாது தடுப்பதன்று; பற்றினவனுக்கும் பொருள் விளங்காதவாறு மறைமொழியாக்குவதேயாம்.

மறைமொழி முறைகள் யாவும் ஒரே தரத்தனவல்ல. 1997இல் வந்த டபிள்யூ.ஈ.பி. முறையில் ஒவ்வொரு செய்திப் பொதியோடும் 24 பிற் நீளமுள்ள தொடக்க எண்ணொன்று சேரும். அத்தகைய எண்கள் ஏறத்தாழ 1 கோடியே 67 இலட்சமே உள. ஓயாது இயங்கும் வலையில் அவை சில மணி நேரத்திலேயே தீர்ந்து, வந்த எண்ணே மீண்டும் வரும். 2001இல் புளூரர், மாந்தின், சமீர் என்னும் மூவர் அதன் அடிப்படையிலேயே பழுது கண்டனர். 2007இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் அதன் 104 பிற் திறவுகோலை ஒரு நிமிடத்துக்குள் கண்டறியலாமென நிறுவினர். பழைய அட்டைகளையும் காக்கவேண்டி 2003இல் டபிள்யூ.பி.ஏ. இடைக்கால ஏற்பாடாக வந்தது. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2, ஏ.ஈ.எஸ். என்னும் வலிய மறைமொழியைக் கொண்டது. 2018இல் மூன்றாவதும் தோன்றிற்று.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டு வலையோடு இணைய மறுத்தால், பலர் செய்வது யாது? றவுட்டரின் காவலைப் பழைய முறைக்கு இறக்கிவிடுகின்றனர். கணினி உடனே இணைந்துவிடும், வீட்டாரும் மகிழ்வர். ஆயின் அந்த ஒன்றன்பொருட்டு, அதே வலையிலுள்ள கைத்தொலைபேசிகளும் ஏனைய கணினிகளும் காவலிழந்து நிற்கும். இதனை யாம் ஒருபோதும் உடன்படோம். வலையைத் தாழ்த்தாது கணினியை உயர்த்துவதே முறை.

முதற்கண் கணினியிலுள்ள வைபை அட்டையின் பெயரையும் இலக்கத்தையும் அறிந்து, அதற்குரிய கடைசி டிரைவரை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து பெறுக. விண்டோஸ் எக்ஸ்.பி. உள்ளதாயின், 2008இல் வெளிவந்த மூன்றாம் சேர்விஸ் பக் இருத்தல் வேண்டும்; டபிள்யூ.பி.ஏ. 2 அதனுள் அடங்கியுள்ளது. றவுட்டரில் டபிள்யூ.பி.ஏ. 2 உடன் ஏ.ஈ.எஸ்.ஸைத் தெரிக. மூன்றாம் முறை மட்டுமே அமைந்திருப்பின் பழைய அட்டை இணையாது. இரண்டும் கலந்த அமைப்பே பொருந்தும். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துவரை கொள்ளும். இருபதுக்குக் குறையாதிருத்தல் நன்று. தொலைபேசி எண்ணும் கல்லூரி தொடங்கிய ஆண்டும் எவரும் ஊகிக்கத்தக்கவை!

வலையின் பெயரே திரையில் தோன்றாவிடின் அட்டை பழுதென முடிவுசெய்யற்க. பழைய அட்டைகளிற் பல 2.4 கிகாஹேட்ஸ் அலைகளை மட்டுமே அறியும். 5 கிகாஹேட்ஸ் அவற்றுக்குப் புலப்படாது. அமெரிக்காவில் விற்பனையானவை பல 12ஆம், 13ஆம் அலைத்தடங்களைக் கேளா. றவுட்டரை 1 முதல் 11 வரையுள்ள தடமொன்றில் நிறுத்தினால் பெயர் தோன்றும். இணைந்தபின்பும் தளங்கள் திறக்க மறுப்பின் கணினியின் திகதியைப் பார்க்க. உள்ளிருக்கும் சிறு மின்கலம் செத்துப்போனால் திகதி பல்லாண்டு பின்சென்று, தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதனவாகத் தோன்றும்.

அட்டைக்கே புதுமுறை இயலாதெனின், புதுமுறை அறிந்த யூ.எஸ்.பி. வைபைக் கருவியொன்று வாங்கிப் பொருத்தலாம். அன்றி, கம்பியாலேயே இணைத்துவிடலாம். கம்பியை இழிவாகக் கருதுதல் வேண்டா.

எனினும் வலையின் காவல் வேறு, கணினியின் காவல் வேறு. எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றன. வங்கிக் கணக்கை அதில் திறத்தல் தகாது. இலேசான லினக்ஸ் ஒன்றை நிறுவுதல் நன்று. ஆயின் 32 பிற் கணினிகளுக்குத் தெரிவு சுருங்கிவருகின்றது. டெபியனின் 13ஆம் பதிப்பு (2025) அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டது. எக்ஸ்.பி.யையே வைத்திருக்க விரும்புவோர், றவுட்டரில் விருந்தினர் வலையொன்றை டபிள்யூ.பி.ஏ. 2 காவலுடன் அமைத்து, அக்கணினியை அதில் மட்டும் இணைப்பாராக.