க்ளப்பா, கமர்ஷியல் கிரவுண்டா? பிரிட்டனில் 'க்ளே' சுடும் விளையாட்டு யாரை நம்பி ஓடுது?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் களமிறங்கியது 'டிராப்' பிரிவில். மெஷின் ஒன்று ஆரஞ்சு நிறத் தட்டை வானில் வீசும். ஷாட்கன்னால் அதை உடைக்கணும். டிவியில் பார்க்க பெரிய விளையாட்டாகத் தெரியும் இது, பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் விவசாய நிலங்களில் சாதாரணமாக நடக்கிற பொழுதுபோக்கு.

அங்கே இதை விளையாட இரண்டு வழி இருக்கு. ஒன்று, உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் க்ளப். இன்னொன்று, காசு கொடுத்தால் யாரும் சுடலாம் என்கிற கமர்ஷியல் கிரவுண்ட். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், தெரு கிரிக்கெட் டீமுக்கும் மணிக்கணக்கில் புக் பண்ற டர்ஃபுக்கும் உள்ள வித்தியாசம். எது பெஸ்ட்?

முதலில், 'க்ளே' என்றால் என்ன?

பெயரில்தான் களிமண். இன்றைய தட்டு சுண்ணாம்புத் தூளும் 'பிட்ச்' எனப்படும் கீல் போன்ற பொருளும் கலந்து செய்யப்படுவது. அகலம் சுமார் 11 செ.மீ., எடை 100 கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

ஆரம்பத்தில் பெட்டியில் அடைத்த உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுத்தான் சுட்டார்கள். பிறகு கண்ணாடி உருண்டைகள் வந்தன. 1880-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் தட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அடைத்துவைத்த பறவைகளைத் திறந்துவிட்டுச் சுடுவதை பிரிட்டன் 1921-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. பழைய பழக்கத்தின் மிச்சம் பேச்சில் மட்டும் இருக்கு: தட்டை இன்னமும் 'க்ளே புறா' என்கிறார்கள். பெட்டியின் கயிற்றை இழுக்கச் சொல்லும் 'புல்!' என்ற குரல்தான் இப்போது மெஷினை இயக்கவும்.

க்ளப் எப்படி ஓடுது?

பெரும்பாலும் க்ளப்புக்குச் சொந்த நிலம் கிடையாது. ஒரு விவசாயியின் வயலையோ காட்டோரத்தையோ மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வாங்கிக்கொள்வார்கள். காலையில் வந்து மெஷின்களை இறக்குவது, தட்டுகளை அடுக்குவது, ஸ்கோர் எழுதுவது, பாதுகாப்பைக் கவனிப்பது, முடிந்ததும் காலி தோட்டாக்களைப் பொறுக்குவது... எல்லாம் உறுப்பினர்கள்தான். சம்பளம் கிடையாது. மிஞ்சும் பணம் புது மெஷினுக்கோ அடுத்த லோடு தட்டுக்கோ போகும். அதனால் கட்டணம் பொதுவாகக் குறைவு.

கமர்ஷியல் கிரவுண்டில் கதையே வேறு. பயிற்சியாளர், வாடகைத் துப்பாக்கி, ஆட்டோமேட்டிக் மெஷின்கள், காபி ஷாப், கார்ப்பரேட் டீம் அவுட்டிங் வரை எல்லாம் உண்டு. 1901-ல் தொடங்கிய வெஸ்ட் லண்டன் ஷூட்டிங் ஸ்கூல் மாதிரி நூறாண்டு கடந்த இடங்களும் இருக்கு. வாரத்தில் பல நாள் திறந்திருக்கும். நிலம், ஊழியர், இன்ஷூரன்ஸ் என்று எல்லாச் செலவும் டிக்கெட்டில் ஏறும்.

அது என்ன '28 நாள்' கணக்கு?

இங்கிலாந்தில் ஒரு நிலத்தை, பிளானிங் அனுமதி வாங்காமலேயே, ஆண்டுக்கு 28 நாள் வரை வேறு தற்காலிகப் பயன்பாட்டுக்கு விடலாம். பல க்ளப்கள் நிற்பதே இந்த விதியின் மேல்தான். மாதம் இரண்டு ஞாயிறு என்றால் 24 நாள், லிமிட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் 28 என்பது நிலத்துக்கான கணக்கு, க்ளப்புக்கானது இல்லை. அதே வயலில் வேறு யாராவது சில நாள் நிகழ்ச்சி நடத்தினால் அதுவும் இதே கணக்கில்தான் சேரும். அறிவியல் முக்கியத்துவம் கொண்டதாகப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில், க்ளே சுட இந்தச் சலுகை அறவே கிடையாது.

வாரம் முழுக்க இயங்கும் கிரவுண்டுக்கு முறையான அனுமதி வேண்டும். அதை வாங்க நேரமும் பணமும் ஆகும். வாங்கிவிட்டால் காலூன்றி நிற்கலாம். க்ளப்புக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. விவசாயி நிலத்தை விற்றாலோ, அடுத்த தலைமுறை 'வேண்டாம்' என்றாலோ, கதை அன்றோடு முடிந்தது.

லைசென்ஸ் இல்லாமல் சுட முடியுமா?

முடியும். சொந்தமாக ஷாட்கன் வைத்திருக்க, போலீஸ் தரும் சான்றிதழ் கட்டாயம். ஐந்தாண்டு செல்லும். 2025 பிப்ரவரியில் புதிய சான்றிதழுக்கான கட்டணம் 79.50 பவுண்டிலிருந்து 194 பவுண்டாக எகிறியது. ஆனால் 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 11(6) பிரிவில் ஒரு விலக்கு உண்டு. காவல்துறைத் தலைமை அதிகாரி ஒப்புதல் தந்த இடத்தில், ஒப்புதல் தந்த நேரத்தில், செயற்கை இலக்குகளைச் சுட சான்றிதழ் தேவையில்லை. முதல்முறை வருகிறவர் கிரவுண்டில் வாடகைத் துப்பாக்கியோடு நிற்க முடிவது இதனால்தான். க்ளப்களும் இந்த ஒப்புதலைக் கேட்டு வாங்கலாம்.

பக்கத்து ஊர்க்காரர் என்ன சொல்றார்?

இரண்டு தரப்புக்கும் பொதுவான தலைவலி, சத்தம். இதற்காகவே பிரிட்டனின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரிகள் அமைப்பு 2003-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. குடியிருப்புப் பகுதியில் சராசரி சத்தம் 55 டெசிபலுக்குக் கீழே இருந்தால் எரிச்சல் வர வாய்ப்பு குறைவு, 65-ஐத் தாண்டினால் வாய்ப்பு மிக அதிகம் என்பது அதன் சாரம். புகார் உறுதியானால் உள்ளாட்சி மன்றம் 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி நோட்டீஸ் கொடுக்கலாம்.

இங்கேயும் பாரம் சமமாக இல்லை. கிரவுண்ட் நிபுணரை வைத்து அளக்கும், மண் மேடு எழுப்பும், வக்கீல் வைக்கும். க்ளப்பிடம் இருப்பது ஒரு செயலாளரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும்தான். பல க்ளப்கள் தனி சட்ட அந்தஸ்து இல்லாத சங்கங்கள். வழக்கு வந்தால் கமிட்டியில் இருப்பவர்களின் சொந்தப் பணம் வரை போகலாம். கம்பெனியாகப் பதிவு செய்வதும் முறையான இன்ஷூரன்ஸும் இங்கே சம்பிரதாயம் இல்லை, பாதுகாப்புக் கவசம்.

அடுத்த சோதனை ஈயம். ஈயத் தோட்டாக்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவருவதாகவும், மாறிக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம் தருவதாகவும் 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்தது. மாற்று ஸ்டீல். ஆனால் பழைய துப்பாக்கிகள் எல்லாவற்றிலும் ஸ்டீல் தோட்டாவைப் போட முடியாது. கிரவுண்ட் தன் வாடகைத் துப்பாக்கிகளை மாற்றிவிடலாம். தாத்தாவின் துப்பாக்கியோடு க்ளப்புக்கு வருகிறவர் என்ன செய்வார்?

அப்போ எது வேணும்?

ரெண்டும் வேணும். காரணம் ரொம்ப சிம்பிள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர் உள்ளே வரும் பெரிய வாசல் கிரவுண்ட்தான். அவர் வாராவாரம் அதே கட்டணம் கட்டிக்கொண்டே இருப்பது கஷ்டம். தொடர்ந்து ஆட வைப்பது க்ளப். புதியவரைக் கொண்டுவர கிரவுண்ட் இல்லாவிட்டால் க்ளப்பில் வயசானவர்களே மிஞ்சுவார்கள். க்ளப் இல்லாவிட்டால், பர்த்டேக்கு ஒருமுறை போய்வரும் 'எக்ஸ்பீரியன்ஸ்' ஆக இந்த விளையாட்டு சுருங்கிவிடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கிரவுண்டில் கட்டணம் பிடிக்கலைன்னா வேற கிரவுண்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். க்ளப்பில் ஆண்டுப் பொதுக்குழுவில் கை தூக்கலாம், ஓட்டுப் போடலாம், கமிட்டியையே மாற்றலாம். அந்த உரிமைக்கான விலை பவுண்டில் கிடையாது, உழைப்பில்.

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் போயிருக்கும் நண்பர்கள் ஒருமுறை முயன்று பார்க்க நினைத்தால், பயிற்சியாளர் இருக்கும் கிரவுண்டில் தொடங்குவது பாதுகாப்பு. பிடித்துப்போனால் பக்கத்து க்ளப்பைத் தேடுங்கள். அங்கே முதல் நாளே தட்டுப் பெட்டி தூக்கச் சொல்வார்கள். தூக்குங்க, அந்த க்ளப் ஓடுறதே அப்படித்தான்.