முடிவு தெரிந்த பின்னும்

பில்லி வைல்டர் இயக்கி 1944இல் வெளியான 'டபுள் இன்டெம்னிட்டி' படத்தில் கொலைகாரன் யார் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் அவனே சொல்லிவிடுகிறான். இரவு நேரத்து லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் ஒரு கார் சிக்னலை மதிக்காமல் பாய்ந்து வருகிறது. தோளில் குண்டடி பட்ட வால்டர் நெஃப் என்ற இன்சூரன்ஸ் விற்பனையாளன், கூட்டிப் பெருக்குகிறவர்கள் மட்டுமே இருக்கும் தன் அலுவலகத்துக்குள் வந்து, குரலைப் பதிவுசெய்யும் கருவியின் முன்னால் உட்காருகிறான். பணத்துக்காகக் கொன்றேன், ஒரு பெண்ணுக்காகக் கொன்றேன், கடைசியில் இரண்டுமே கிடைக்கவில்லை என்று சக ஊழியர் பார்ட்டன் கீஸுக்கு வாக்குமூலம் பதிகிறான். துப்பறியும் படங்கள் கடைசி ரீல்வரை காப்பாற்றும் முடிச்சை இந்தப் படம் முதல் ரீலிலேயே அவிழ்த்துவிடுகிறது. தமிழில் 'நுவார்' எனப்படும் இருண்ட குற்றப்படச் சாயலுக்குப் பேர்போன 'அந்த நாள்'கூடச் சுட்டது யார் என்ற கேள்வியில்தான் ஓடுகிறது. அந்தக் கேள்வியே இல்லாத ஒரு படத்தை எண்பது ஆண்டுகளாக ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டதுதான் அந்தப் பற்றுக்குக் காரணம் என்பது என் வாதம்.

அந்தப் பற்று எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று. வைல்டருடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவர் ரேமண்ட் சாண்ட்லர், துப்பறியும் நாவல்களால் பெயர்பெற்றவர். படத்தின் பதினாறாவது நிமிட வாக்கில் நெஃப் கீஸின் அறையிலிருந்து வெளியே வருகிறான். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஒரு கணம் நிமிர்ந்து அவனைப் பார்க்கிறார். அவ்வளவுதான் காட்சி. அந்த மனிதர் சாண்ட்லரேதான் என்பது 2009இல்தான் வெளியே தெரியவந்தது. படம் வந்து 65 ஆண்டுகள் ஆன பிறகும், சில விநாடிகளே தெரியும் ஒரு முகத்தை அடையாளம் காணும் அளவுக்கு அதை உற்றுப் பார்ப்பவர்கள் இருந்தார்கள். முதல்முறை பார்ப்பவரின் கண் நெஃப்பின் பின்னாலேயே போய்விடும். அடுத்து என்ன என்ற பதற்றம் அடங்கியவருக்குத்தான் திரையின் ஓரத்தில் இருப்பதும் தென்படும்.

கதை எளிமையானது. பிலிஸ் என்ற பெண் தன் கணவனுக்குத் தெரியாமல் அவன் பெயரில் விபத்துக் காப்பீடு எடுக்க விரும்புகிறாள். அவள் நோக்கம் நெஃப்புக்கு உடனே பிடிபடுகிறது. உதறிவிட்டுப் போகிறவன், பிறகு தானே திட்டம் தீட்டித் தருகிறான். ரயிலிலிருந்து விழுந்து செத்ததாகக் காட்டினால் இழப்பீடு இரட்டிப்பு. 50,000 டாலர் ஒரு லட்சமாகும். ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதி 1936இல் வெளியான தொடர்கதையிலிருந்து வந்தது இது. ரூத் ஸ்னைடர் என்ற நியூயார்க் பெண், தன் கணவன் பெயரில் காப்பீடு எடுத்துவிட்டு 1927இல் காதலனோடு சேர்ந்து அவனைக் கொன்றாள்; கெய்னுக்குப் பொறி தட்டியது அந்த வழக்கில்தான். போர் முடிந்து 1946இல் இதுபோன்ற அமெரிக்கப் படங்கள் பாரிஸில் வரிசையாகத் திரையிடப்பட்டபோது, நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அவற்றை 'ஃபிலிம் நுவார்' என்று ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தார். அவற்றில் பாழடைந்த பங்களாவோ சதிகாரக் கும்பலோ அவசியமில்லை. நெஃப்பும் பிலிஸும் கொலைக்குத் திட்டமிடுவது ஒரு சூப்பர் மார்க்கெட்டில், டப்பாக்கள் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே. மேல்தட்டில் இருப்பதை எடுத்துத் தரும்படி ஒரு பெண்மணி குறுக்கே வந்து நெஃப்பிடம் கேட்கிறார். அவனும் எடுத்துக் கொடுக்கிறான்.

கொலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். காரின் பின்னிருக்கைக்குக் கீழே நெஃப் பதுங்கியிருக்கிறான். பிலிஸ் ஓட்டுகிறாள், பக்கத்தில் கணவன். ஆளரவமற்ற தெருவில் அவள் மூன்று முறை ஹாரன் அடிக்கிறாள். அந்த நொடியிலிருந்து கேமரா அவள் முகத்தைவிட்டு நகர்வதில்லை. பக்கத்தில் நடப்பது காதில் மட்டும் விழுகிறது. பிலிஸாக நடிக்கும் பார்பரா ஸ்டான்விக்கின் கண்கள் சாலையைப் பார்த்தபடி மெல்ல மாறுகின்றன. பிறகு பிணத்தைத் தண்டவாளத்தில் கிடத்திவிட்டு இருவரும் காரில் ஏறுகிறார்கள். சாவியைத் திருப்பினால் கார் கிளம்ப மறுக்கிறது. இழுத்து இழுத்து அடங்குகிறது. இந்த இடத்தில் பார்க்கிற நாம் என்ன நினைக்கிறோம்? கிளம்பிவிடாதா என்றுதான் தவிக்கிறோம். இவர்கள் பிடிபடுவார்கள் என்று படத்தின் தொடக்கத்திலேயே நமக்குத் தெரியும், பிடிபட வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் கொலைகாரர்கள் தப்ப வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. விளைவை முழுதாக அறிந்திருந்தும் தவறின் பக்கம் சாய்கிற மனசு நெஃப்புக்கு மட்டும் உரியதல்ல, நமக்கும் உண்டு என்று படம் நம்மைக் கொண்டே நிரூபிக்கிறது. முடிவு மறைக்கப்பட்டிருந்தால் அந்தத் தவிப்பு வெறும் பரபரப்பாக முடிந்திருக்கும்.

இதெல்லாம் பழமை மோகம் என்பார்கள் சிலர்: தொப்பி, சிகரெட் புகை, ஜன்னல் பலகைகளின் வழியே கோடுகோடாக விழும் நிழல். ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸின் கைவண்ணத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிலிஸின் வீட்டுக் கூடத்தில் வெயில் கீற்றில் தூசு மிதப்பதுபோலத் தெரிவதற்காக அலுமினியப் பொடியைத் தூவிப் படமெடுத்தவர் அவர். ஆனால் அதே தொப்பியும் அதே நிழலும் கொண்ட எத்தனையோ படங்களை இன்று தேடிப் பார்ப்பவர் யாருமில்லை. தோற்றம் ஒருவரை முதல்முறை உள்ளே இழுக்கலாம். பத்தாவது முறை அதற்காக மட்டும் யாரும் வருவதில்லை. தொழில்நுட்பத்தில் குறைகளும் உண்டு. நெஃப்பின் குடியிருப்புக் கதவு நடைபாதைப் பக்கமாகத் திறக்கிறது. வழக்கமாகக் குடியிருப்புகளில் அப்படிக் கதவு வைப்பதில்லை. திறந்த கதவின் பின்னால் பிலிஸ் ஒளிய வேண்டும், சில அடி தள்ளிக் கீஸ் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ரசிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் காட்சியில் அவர்களுக்கு மூச்சு முட்டுகிறது.

இன்னொரு ஆட்சேபம் சற்றுக் கனமானது. குற்றவாளி தண்டனை பெற்றே ஆக வேண்டும் என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. கெய்னின் கதை அச்சாகும் முன்பே 1935இல் ஸ்டுடியோக்களின் கைக்கு வந்தபோதே தணிக்கை அலுவலகம் அதைத் தடுத்துவிட்டது. ஆகவே, முடிவை முன்னால் வைத்ததில் என்ன கலை இருக்கிறது, அது கட்டாயத்தின் விளைவுதானே என்று கேட்கலாம். தண்டனை கட்டாயம்தான். அதை எங்கே, எப்படி வைப்பது என்பது வைல்டரின் கையில் இருந்தது. நெஃப் விஷவாயு அறையில் சாவதாக ஒரு நீண்ட காட்சியைச் செலவு பண்ணிப் படமாக்கிய அவர், அதை முழுதாக வெட்டி எறிந்தார். சட்டத்துக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடிய காட்சி அது. அதற்குப் பதிலாக அவர் வைத்துக்கொண்டது வாசலில் சரிந்து கிடக்கும் நெஃப்பையும், அவன் வாக்குமூலத்தை நின்று கேட்டுவிட்ட கீஸையும்தான். படம் நெடுகக் கீஸின் சட்டைப் பையில் தீக்குச்சி இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நெஃப்தான் நகத்தில் குச்சியைக் கீறிச் சுருட்டைப் பற்றவைப்பான். கடைசியில் நெஃப் வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு குச்சியைக் கீற முடியாமல் தடுமாற, கீஸ் பற்றவைக்கிறார். மோசடியைக் கண்டுபிடிப்பதையே உயிராகக் கொண்டவர், மகன்போல நேசித்தவனிடமே தோற்றிருக்கிறார். படத்தின் உண்மையான பாசம் இந்த இருவருக்கும் இடையில்தான் என்பது முதல்முறை பார்க்கையில் பாதிதான் புரியும்.

பெண்ணைப் பாம்பாகக் காட்டுகிற படம் என்ற குற்றச்சாட்டை நான் தள்ளிவிட மாட்டேன். பிலிஸுக்கு இரக்கம் காட்ட இந்தப் படம் கடைசிவரை தயங்குகிறது. இவ்வகைப் படங்களில் பெண்கள் வரும் விதம் பற்றி ஆன் கேப்ளான் தொகுத்த நூலொன்று 1978இலேயே வந்து, அந்த விவாதம் இன்றுவரை தொடர்வதும் நியாயம்தான். இருந்தாலும் நெஃப்பின் வாக்குமூலத்தைக் கூர்ந்து கேட்டால் ஓர் உண்மை வெளிப்படும். தொழிலில் எல்லாத் தில்லுமுல்லுகளையும் அறிந்தவன் அவன். கம்பெனியை ஏமாற்றினால் என்ன என்ற எண்ணம் பிலிஸைச் சந்திப்பதற்கு வெகுமுன்பே தன்னிடம் இருந்ததாக அவனே ஒப்புக்கொள்கிறான். அவள் வந்து கெடுத்த நல்லவன் அல்ல அவன். முதல்முறை அந்த வரி வேகத்தில் நழுவிப்போகிறது. மீண்டும் பார்ப்பவர் அதைப் பிடித்துக்கொள்கிறார். அதன் பிறகு, எல்லாப் பழியையும் அவள்மேல் போட்டுத் தன் கதையைச் சொல்லும் நெஃப்பின் குரலை அவரால் முழுதாக நம்ப முடிவதில்லை.